அருகு வெளுத்த ஊர்

சாரல் பொய்த்துப்போன ஓர் ஆனி மாதத்தில் அத்திக்கானூரில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தூரம் தெரிய ஆரம்பித்தது. முதலில் தெரிந்தது தையல்காரர் மசூதுக்கு. ஊசிக் காதில் நூல் நுழையாமல், எச்சில் தொட்டு, நுனியைக் கத்தரித்து, வெளிச்சத்துக்குத் திரும்பி உட்கார்ந்து, மறுபடி எச்சில் தொட்டு அலுத்துப்போன அவர், கண்ணுக்குச் சற்று ஓய்வு கொடுக்கலாம் என்று மேற்கே நிமிர்ந்து பார்த்தபோது, மலையுச்சி மரம் ஒன்றில் குரங்கு தன் குட்டிக்குப் பேன் பார்ப்பது தெரிந்தது. பிறகு மலை மரியாதையாக ஒதுங்கி நின்றுகொண்டதைப் போல அதற்கு அப்பால் ரப்பர் தோட்டங்கள் தெரிந்தன. அதற்கும் அப்பால், கொல்லம் கடற்கரையில் ஒருவன் வலையிலிருந்து மத்தி மீனை உதறிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஜாக்கெட்டுக்காகக் காத்திருந்த பெண்ணிடம் மசூது அதைச் சொன்னார். அவள், அங்கே கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டாள்.

எங்கள் ஊர் அதை இப்படித்தான் எடுத்துக்கொண்டது. நாற்பது வயதானால் கிட்டத்தில் இருப்பது மங்கிப்போவதும், பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பதும், கடைசியில் கை நீளமும் போதாமல் போவதும் எல்லா ஊரிலும் நடப்பதுதான். அதற்கு வெள்ளெழுத்து என்று பெயர் வைத்து, அதோடு விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊரில் மட்டும் இந்தப் பக்கம் எடுத்தது அந்தப் பக்கம் திரும்பக் கிடைத்தது. கைக்கு எட்டுகிற இடமெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றியதுபோல வெளுத்தது, எட்டாத இடமெல்லாம் துலங்கியது. தூரம் கிடைத்தவர்களைத் தூரக்காரர் என்றும், கிட்டத்தில் மறைப்பதை வெள்ளை என்றும் சொன்னோம். அவருக்கு வெள்ளை இறங்கிவிட்டது என்றால், இனி அவரிடம் ரேஷன் கார்டை நீட்டிப் பயனில்லை, ஆனால் சூரத்தில் மழை பெய்கிறதா என்று கேட்கலாம் என்று அர்த்தம்.

பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பாத வீடு எங்கள் ஊரில் குறைவு. ஆகவே பிளாஸ்டிக் நாற்காலிகள் மொட்டைமாடிக்கு ஏறின. அரபு நாட்டில் பிள்ளை இருந்தவர்கள் மேற்கே பார்த்தும், சிங்கப்பூரில் இருந்தவர்கள் கிழக்கே பார்த்தும், பம்பாயில் கடை போட்டவர்களைப் பெற்றவர்கள் வடக்கே பார்த்தும் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் பஸ் விட்டு இறங்கி வருகிறவர்களுக்கு, ஆளுக்கொரு திசையில் முகத்தை வைத்துக்கொண்டு ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கும் கூட்டம் வீட்டுக்கு வீடு தலைக்கு மேல் தெரியும். கோவில் கமிட்டியும் ஜமாத்தும் சர்ச்சும் பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்றாகக் கூடிச் சில விதிகள் செய்தன. அடுத்தவர் பிள்ளையைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் அவர்கள் வீட்டில் மட்டும் சொல்ல வேண்டும். குளியலறைப் பக்கம் கண் போனால் உடனே கடலைப் பார்க்க வேண்டும். சாவு தெரிந்தால், சொந்தக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளும் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். சிலர் ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கினார்கள். சிலர் வாரத்துக்கொருமுறை குளித்து, தலை வாரி, வெட்டவெளியில் வந்து நின்று ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

அப்படிக் கையாட்டியவர்களில் ஒருவன் ஆவுடையப்பன். மினிபஸ் கண்டக்டர் குற்றாலிங்கத்துக்கும் தெய்வானைக்கும் மூத்தவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஓமானில் சலாலா என்கிற ஊருக்கு ரொட்டிக் கடை வேலைக்குப் போனான். போகும்போது அழுதவன் அவன்தான், தெய்வானை அழவில்லை. பிறகு ஒருநாள் அவள் மாடியில் மோர்மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மிளகாயின் காம்பும் நுனியும் ஒன்றாகத் தெரிந்தன, இரண்டும் பிறகு தெரியாமல் போயின, கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தவளுக்கு ஒரு கடல் முழுக்கக் கடந்துபோய், தென்னைமரங்கள் நின்ற ஒரு மணல் ஊரில், புருவத்தில் மாவு ஒட்டியிருக்க அடுப்பு முன்னால் நின்ற மகன் தெரிந்தான். அவள் மிளகாய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எரிச்சலோடும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டில் உலை வைக்கவில்லை.

குற்றாலிங்கத்துக்குத் தூரம் கிடைக்கவில்லை. அவர் மனைவியைவிட ஆறு வயது மூத்தவர். டிக்கெட் கிழிக்கவும் சில்லறை பார்க்கவும் கண் வேண்டும் என்பதால், ஊரில் இந்தச் சங்கதி தொடங்குவதற்கு முன்பே தென்காசியில் கண்ணாடி போட்டுக்கொண்டவர். கண்ணாடி போட்டவர்களுக்குத் தூரம் வருவதில்லை என்பதும், வந்தபிறகு போட்டால் அது மூடிக்கொள்ளும் என்பதும் போகப் போகத் தெரிந்தது. அதனால் மகனை அவர் மனைவியின் வாய் வழியாகத்தான் பார்த்தார். டூட்டி முடிந்து வந்து காக்கிச் சட்டையைக் கழற்றும்போதே, “என்ன சாப்பிட்டான்?” என்று கேட்பார். அவள் சொல்வாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கை கழுவப் போவார்.

இளையவள் வடிவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அடுத்த வருடம் டாக்டர் ரெஜினா என்பவர் ஆரம்பப் பள்ளியில் கண் முகாம் போட்டார். பக்கத்து ஜில்லாவில் இருந்து வந்தவர், பொறுமைசாலி. கொல்லத்து மீனைப் பற்றியும் சலாலா ரொட்டியைப் பற்றியும் வரிசையில் நின்ற எல்லோரும் சொல்லக் கேட்டுக்கொண்டார். இது தான் படித்ததில் இல்லை, ஆனால் இத்தனை பேர் பொய் சொல்லக் காரணமும் இல்லை என்றார். கிட்டத்துப் பார்வை ஏன் போகிறது என்பதை மட்டும் விளக்கினார். கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது, சின்ன வயதில் அது இளகி இருக்கும், கிட்டத்தில் பார்க்கும்போது தடித்துக்கொள்ளும், தூரத்தைப் பார்க்கும்போது மெலிந்துகொள்ளும், வயதாக ஆக அது இறுகிப்போய் வளைந்துகொடுக்க மறுக்கிறது. இது நோயில்லை, நரைப்பதைப் போலத்தான். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் சிலவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கொஞ்சம் முந்தி வரும், மற்றவர்களுக்குப் பிந்தி வரும். வராமல் தடுக்க ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். பொன்னாங்கண்ணிக் கீரையையும் முருங்கைக் கீரையையும் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுவதையும் பற்றிக் கேட்டார்கள். கீரை உடம்புக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் இறுகுகிற வில்லையைக் கீரை இளக்காது, கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தும் ஆகாது, பூவைச் சாமிக்குப் போடுங்கள் என்றார். கண்ணாடி ஒன்றுதான் வழி. அதையும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தெய்வானையின் முறை வந்தபோது டாக்டர் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். எழுத்துகள் திரும்பி வந்து நின்றன. தன் விரல் நகத்தில் மஞ்சள் படிந்திருந்ததை அவள் பார்த்தாள். உடனே தலையைத் தூக்கி மேற்கு ஜன்னலைப் பார்த்தாள். அங்கே பள்ளிக்கூட மதில் இருந்தது.

“இதப் போட்டா எம்மவன் தெரிவானா?” என்று கேட்டாள்.

“இங்கே போட்டவர்கள் எல்லோரும் தெரியவில்லை என்றுதான் சொல்கிறார்கள்” என்றார் டாக்டர்.

தெய்வானை கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். சற்றுநேரம் போட்டதற்கே சலாலா திரும்பித் துலங்க ஒரு வாரம் பிடித்தது.

ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். மசூதுவைப் போலத் தொழில் கண்ணில் இருந்தவர்கள் கண்ணாடி வாங்கினார்கள், பிள்ளைகள் தூரத்தில் இருந்தவர்கள் வாங்கவில்லை. கண்ணாடி வேண்டாம் என்றவர்களுக்குத் தூரம் இன்னும் தூரமாயிற்று. வெள்ளையும் சும்மா இருக்கவில்லை. தூரம் ஒரு அடி தள்ளிப் போனால் வெள்ளையும் இந்தப் பக்கம் ஒரு அடி அகன்றது. முதலில் கை நீளத்துக்கு இருந்தது, பிறகு ஓர் அறை நிறைய ஆயிற்று, பிறகு வீட்டையே எடுத்துக்கொண்டது. இதையும் நாங்கள் பழகிக்கொண்டோம். தூரக்காரர் வீடுகளில் சாமான்களை இடம் மாற்றி வைப்பதில்லை என்று ஆயிற்று. அவர்களிடம் பேசுமுன் பெயர் சொல்வது வழக்கமாயிற்று. கல்யாண வீட்டில் அவர்களை மண்டபத்தின் உள்ளே உட்கார வைக்காமல், எதிர்த்த தெரு மாடியில் நாற்காலி போட்டு வைத்தார்கள், தாலி கட்டுவது அங்கிருந்துதான் தெரியும் என்பதால்.

தெய்வானை வீட்டில் கிட்டத்து வேலை எல்லாம் வடிவுக்கு வந்தது. அரிசியில் கல் பொறுக்குவது, கீரையில் புழு பார்ப்பது, கேஸ் புத்தகம், கரண்ட் பில், அப்பாவின் சட்டைப் பொத்தான், அம்மாவின் காலில் தைத்த முள். பள்ளிக்கூடம் போகுமுன் இட்லி ஊற்றி வைத்துவிட்டுப் போவாள், வந்து தட்டுகளைக் கழுவுவாள். எதற்கும் முணுமுணுக்க மாட்டாள் என்று தெய்வானை பெருமையாகச் சொல்லுவாள். முணுமுணுக்கும் பெண்ணின் உதடு எப்படி இருக்கும் என்று பார்க்க அவளுக்கு வழி இல்லை.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பழக்கம் இருந்தது. புதுப் பாவாடை கட்டினாலோ, பள்ளியில் பரிசு வாங்கினாலோ, காதில் புதுத் தோடு போட்டாலோ, அம்மாவின் முன்னால் வந்து நின்று பேசிவிட்டு, வெள்ளையைத் தாண்டி எங்கே தெரிவோமோ அங்கே நடந்து போய்த் திரும்பி நிற்பாள். முதல் வருடம் அறையின் அந்தக் கோடியில் நின்றால் போதுமாக இருந்தது. அடுத்து முற்றத்துக்கு இறங்கி நின்றாள். அடுத்து தெருமுனைக் கரண்டுக் கம்பத்தடியில் போய் நின்று, வருகிறவர் போகிறவர் பார்க்க, மாடியில் இருந்த அம்மாவைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினாள். தெய்வானையும் மேற்கில் இருந்து முகத்தைத் திருப்பி, சிரித்து, நன்றாக இருக்கிறது என்று சைகை காட்டிவிட்டு, மறுபடி மேற்கே திரும்பிக்கொள்வாள். பிள்ளை அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து வருவாள். எங்களில் சிலர் அதைப் பார்த்திருக்கிறோம். பார்த்து, நல்ல பிள்ளை என்று சொல்லியிருக்கிறோம், அதற்குமேல் நாங்களும் ஒன்றும் செய்யவில்லை.

வடிவு சடங்காகி, அத்தை எடுத்துக்கொடுத்த முதல் தாவணியைக் கட்டிய வருடம், வெள்ளை தெருவைத் தாண்டிக் குளத்தங்கரை வரைக்கும் போயிருந்தது. அவள் தாவணியோடு வந்து அம்மாவின் முன்னால் நின்றாள். தெய்வானை துணியைத் தடவிப் பார்த்தாள்.

“என்ன கலருட்டி?”

“மாம்பழக் கலரு. நான் கரையில போய் நிக்கேன். நீ கொஞ்சம் இந்தப் பக்கமா பாரு, என்னம்மா?”

பாக்கேன் என்று தெய்வானை சொன்னாள். வடிவு போனாள். தாவணியின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாக, சர்ச் வழியாக, கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்து குளத்தங்கரையில் ஏறி, வீட்டைப் பார்த்து நின்றாள். சரியாக அந்த நேரத்தில்தான் சலாலாவில் ரொட்டி ஏற்றும் வண்டியின் பின்கதவு திறந்துகொண்டு ஆவுடையப்பன் ரோட்டில் விழுந்தான். தெய்வானை எழுந்து நின்றாள். கத்தினாள். இங்கிருந்து கத்தியது அங்கே யாருக்குக் கேட்கும்? அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புரள்வதையும், ஆட்கள் ஓடி வருவதையும், ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் வேறு தெருவில் திரும்புவதையும் அவள் பார்த்தாள். அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் வா என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். கரையில் நின்ற பிள்ளை, அம்மா கையாட்டுகிறாள் என்று நினைத்துத் தானும் கையாட்டினாள். பிறகு வெகுநேரம் கையாட்டாமல் நின்றாள். ஆடு பத்திக்கொண்டு வந்தவர்கள், வீட்டுக்குப் போகலையா என்று கேட்டபிறகு இறங்கி நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் கூட்டத்தைப் பார்த்து, அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, தாவணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் போய் நிற்கவில்லை.

ஆவுடையப்பன் இடுப்பு எலும்பு கூடும்வரை ஆஸ்பத்திரியில் கிடந்தான். தெய்வானை மாடியை விட்டு இறங்கவில்லை. சாப்பாடு மேலே போயிற்று. வெயிலுக்கு ஒரு தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள். அவன் தேறி, கோலை ஊன்றி நடந்து, கோலை விட்டு நடந்து, மறுபடி வேலைக்குப் போய், வெட்டவெளியில் வந்து நின்று கையாட்டிய அன்றைக்குத்தான் அவள் கீழே வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

வடிவு காலேஜ் சேர்ந்த வருடம் குற்றாலிங்கம் முதல்முறையாக மனைவியை வற்புறுத்தி டாக்டர் ரெஜினாவிடம் அழைத்துப் போனார். டாக்டர் ஒன்றன்மேல் ஒன்றாக வில்லைகளை அடுக்கிப் பார்த்தார். அந்தக் கருவியில் இருந்ததையெல்லாம் அடுக்கியும் தெய்வானைக்கு எதிரே வெள்ளைதான் இருந்தது. முதலில் வந்தபோதே போட்டிருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம், இனி இதற்குக் கண்ணாடி யாராலும் செய்ய முடியாது என்று டாக்டர் வருத்தமாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தெய்வானை, பரவாயில்லை, நமக்கென்ன படிக்கவா எழுதவா என்று அவரைத் தேற்றினாள்.

படிப்பு முடிந்ததும் வடிவுக்கு ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மாத்திரை அட்டைகளில் ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அவளுக்குக் கண் நல்ல கூர்மை என்று இன்டர்வியூவில் சொன்னார்களாம். கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் தெய்வானை மகளின் குரல் வந்த பக்கமாகக் கையை நீட்டி முகத்தைத் தடவினாள். நெற்றி, மூக்கு, ஈரமில்லாத கன்னம். விரல்களுக்கு முகம் தெரியவில்லை, தோல்தான் தெரிந்தது. வடிவு சற்றுநேரம் அசையாமல் நின்றுவிட்டு, “பஸ்ஸு எடுக்கப் போறாம்மா” என்றாள்.

தெய்வானைக்கு அன்று துக்கமாக இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இத்தனை வருடம் வெள்ளைக்குள் இருந்தவள் இப்போது வெள்ளையைத் தாண்டிப் போகிறாள், இனி அவளும் தெரிவாள் என்று நினைத்தாள். பக்கத்து மாடிக்காரியிடம் அதைச் சந்தோஷமாகச் சொல்லவும் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் நாற்காலியை மேற்கில் இருந்து வடக்குப் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

ஹைதராபாத் எளிதாகவே தெரிந்தது. கம்பெனியும் தெரிந்தது. காலையில் கம்பெனி பஸ்கள் வந்து நின்றன, ஒரே மாதிரி நீலக் கோட்டு போட்ட பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். தெய்வானை தேடினாள். இரட்டைச் சடை போட்ட, முன்பல் கொஞ்சம் தூக்கிய, ஒல்லிப் பிள்ளை ஒன்றைத் தேடினாள். அப்படி யாரும் இல்லை. எல்லோரும் வளர்ந்த பெண்கள். சிரித்துக்கொண்டு சிலர், தூக்கம் கலையாமல் சிலர், போனைப் பார்த்துக்கொண்டு பலர். ஆவுடையப்பனின் முகத்தைப் பதினெட்டு வயது வரைக்கும் கிட்டத்தில் பார்த்திருந்தாள், அதனால் அவன் எங்கே போனாலும் கண் போய்ப் பிடித்துக்கொண்டது. வளர்ந்த இவளுடைய முகம் கண்ணுக்குத் தெரியாது. இவர்களில் ஒருத்தி என் மகள் என்று தெரியும், எவள் என்று தெரியாது. சாயங்காலம் பஸ்கள் திரும்பிப் போனபோது எந்தப் பஸ்ஸைத் தொடர்வது என்று தெரியாமல் அவள் ஊரைச் சுற்றியிருந்த பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குற்றாலிங்கம் டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றினார். “வடிவு என்ன சாப்பிட்டா?” என்று கேட்டார்.

“சோறும் பருப்பும்” என்றாள் தெய்வானை.

அடுத்த நாள் சப்பாத்தி என்றாள். அதற்கு அடுத்த நாள் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் என்றாள். பொய் சொல்லச் சொல்ல அவளுக்கு வந்தது. மகளுக்கு ஒரு சிநேகிதியை உண்டாக்கினாள், அவர்கள் ஒன்றாக மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொன்னாள், பச்சைச் சுடிதார் எடுத்திருக்கிறாள் என்றாள். குற்றாலிங்கம் கேட்டுக்கொண்டே கை கழுவப் போவார். ஒருநாள் போனில் மகளிடம் பேசும்போது, பச்சைச் சுடிதார் நன்றாக இருக்கிறதாமே என்று அவர் சொன்னார். வடிவு, ஆமாப்பா, நல்லாத்தான் இருக்கு என்றாள். அவள் பச்சை உடுத்தமாட்டாள், சின்ன வயதில் இருந்தே அவளுக்கு அந்த நிறம் ஆகாது என்பது குற்றாலிங்கத்துக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு அவர் மாடிப்படியில் பாதி ஏறி, நின்று, இறங்கி வந்துவிட்டார்.

மறுநாள் அவர் லீவு போட்டார். வடிவு வேலைக்கு மனுப் போட எடுத்திருந்த போட்டோவைத் தென்காசிக்குக் கொண்டுபோய்க் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கிவந்தார். வாங்கிவந்ததை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

“நாளைக்குக் காலையில வடக்கே பாத்து உக்காரு. ஹைதராபாத் வேண்டாம். ஓடமரத்துப் பாறைய மட்டும் பாரு” என்றார்.

அவள் சரி என்றாள்.

ஓடமரத்துப் பாறை எங்கள் ஊருக்கு வடக்கே, குளத்துக்கும் கருவேலங்காட்டுக்கும் அப்பால், வெயிலில் நடந்தால் செருப்பு சுடுகிற தூரத்தில் இருக்கிறது. குற்றாலிங்கம் விடிந்ததும் அந்தப் போட்டோவைத் தலையில் சுமந்துகொண்டு புறப்பட்டார். உதவிக்கு வருகிறோம் என்றவர்களை வேண்டாம் என்றார். பாறைமேல் ஏறி, ஊரைப் பார்த்துத் திரும்பி, அதைத் தன் தலைக்குமேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். அன்று தூரக்காரர்கள் எல்லோரும் அவரவர் கடலையும் பாலைவனத்தையும் விட்டுவிட்டு வடக்கே திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தவர் பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்ற விதியை அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

தெய்வானை பார்த்தாள். ஒரு பெண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் நடுவில் லேசாகக் கூடியிருந்தது, தெய்வானையின் புருவம். தாடை குற்றாலிங்கத்தின் தாடை. முன்பல் எப்போதோ உள்ளடங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே, இந்த வயதுக்கு இருக்கக் கூடாத கருமை. சிரிக்கவில்லை, போட்டோக்காரன் சிரிக்கச் சொல்லியிருக்க மாட்டான். அழகான பெண். இந்தப் பெண்தான் இத்தனை வருடம் தன் காலில் முள் எடுத்தவள் என்று தெய்வானை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

பிறகு அவள் கண் போட்டோவில் இருந்து சற்றுக் கீழே இறங்கியது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நரைத்த, மெலிந்த மனிதர் நின்றிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. யாரைக் கூலிக்குப் பிடித்து அனுப்பியிருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த ஆள் முழங்கையால் கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டுக்கொண்டபோதுதான் அவளுக்கு விளங்கியது.

அவர் வீடு வந்து சேர மதியமாயிற்று. திரும்பி வந்தவரின் கையை அவள் தேடிப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள். இவ்வளவு மெலிஞ்சிட்டீகளே என்று அவள் கேட்டாள். அது ஆச்சு ரொம்ப வருஷம் என்று அவர் சொன்னார்.

அன்று சாயங்காலமே தெய்வானை மகளைக் கண்டுபிடித்தாள். கம்பெனியின் மொட்டைமாடியில் டீ குடிக்க வந்த கூட்டத்தில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வடிவு தனியாக நின்றிருந்தாள். டீயை ஊதி ஊதிக் குடித்தாள். யாரோ எதையோ சொல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தெய்வானை இதற்குமுன் சத்தமாக மட்டும் கேட்டிருந்தாள். பிறகு வடிவு குழாயடிக்குப் போய், கை கழுவுவதற்காகக் கோட்டுக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினாள். மணிக்கட்டில் இருந்து முழங்கை மடிப்பு வரைக்கும் தோல் சுருங்கி, மினுங்கி, வேறு நிறமாக இருந்தது. பழைய தீப்புண்.

தெய்வானை கணவரைக் கூப்பிட்டுக் கேட்டாள். குற்றாலிங்கம் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

“பெரியவன் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ. வந்தவங்களுக்கெல்லாம் சேத்து சோறு வடிச்சா. பான சரிஞ்சிட்டு.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொல்லாண்டாம்னுட்டா. அம்மா எறங்கி வந்துருவா, அப்புறம் அண்ணன யாரு பாப்பான்னா. ஒரு வாரம் எங்க அக்கா வீட்டுல வச்சு வைத்தியம் பாத்தோம்.” பிறகு அவர், “நீயும் அவ எங்கேன்னு கேக்கல” என்றார். குற்றம் சொல்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

தெய்வானை போனை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். அவரே நம்பரைப் போட்டு அவள் காதில் வைத்தார். அங்கே, அந்த மாடியில், வடிவு ஈரக் கையைக் கோட்டில் துடைத்துவிட்டுப் போனை எடுப்பது தெரிந்தது.

“வலிச்சுதா?” என்றாள் தெய்வானை. வேறு எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வடிவு தன் கையைப் பார்த்தாள். அம்மா எதைக் கேட்கிறாள் என்று புரிந்துகொள்ள அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

“அது எப்பவோ ஆறிட்டும்மா” என்றாள்.

தெய்வானை அழுதாள். மகள் அந்தப் பக்கம் அழவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். பெல் அடித்துவிட்டது, உள்ளே போகணும், நாளைக்குப் பேசுதேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஆனால் உடனே போகவில்லை. ஏற்றியிருந்த கோட்டுக் கையை மணிக்கட்டு வரைக்கும் இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டாள். கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு, தன்னை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தவளைப் போல, எங்கள் ஊர் எந்தப் பக்கம் இருக்கும் என்று தேடினாள். அந்த ஊரில் மலை இல்லை, வழி சொல்ல ஒன்றும் இல்லை. அவள் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தை முடிவுசெய்து, அந்தப் பக்கமாக நேராக நின்று, கையைத் தூக்கி ஆட்டினாள்.

அது வடக்கு. தெய்வானைக்கு அவள் முதுகு தெரிந்தது.